பெப்டைடு போட்டும் மறையாத பேண்ட்: எருமைத் திசுவில் விஇஜிஎஃப் வெஸ்டர்ன்

பவானி ஜமக்காளம்

வணக்கமுங்க. எருமையோட கார்பஸ் லூட்டியத்துல (கருமுட்டை வெளிய வந்த பொறவு சூலகத்துல உருவாகற திசு) விஇஜிஎஃப்-ஏ-ங்கற ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியைப் பார்க்கற வெஸ்டர்ன் இது, அதாவது புரதங்களை ஜெல்லுல எடைவாரியாப் பிரிச்சு மெம்பிரேனுக்கு மாத்தி ஆன்டிபாடியால தேடற சோதனை. ஆன்டிபாடி முயல் பாலிகுளோனல் (வெவ்வேற இடத்தைப் புடிக்கற ஆன்டிபாடிகளோட கலவை), மி.லி.க்கு 200 மைக்ரோகிராம். மனித விஇஜிஎஃப்-ஓட என்-முனையில முதல் 20 அமினோ அமிலத்தைக் குடுத்து எடுத்தது. அதே வரிசையில பிளாக்கிங் பெப்டைடும் (ஆன்டிபாடியை அடைக்கற சின்ன அமினோ அமிலச் சங்கிலி) கையில இருக்குது. 12 சதவீத ஜெல், லேனுக்கு 40 மைக்ரோகிராம் புரதம், 5 சதவீதப் பால்பவுடர்ல பிளாக்கிங், ஆன்டிபாடி 1:500.

பெப்டைடு இல்லாத மெம்பிரேன்ல 23, 45, 52 கிலோடால்டன்ல மூணு பேண்ட். பெப்டைடு சேர்த்ததுல 45 சுத்தமாக் காணோம். 23 மங்குச்சு, போகலை. 52 அசையவே இல்லை. பெப்டைடு எடைக் கணக்குல ஆன்டிபாடிக்கு 5 மடங்கு, 10 மி.லி. பால் பஃபர்லயே ரெண்டையும் ஊத்தி அரை மணி நேரம் வெச்சது.

45-ஐயே விஇஜிஎஃப்-னு எழுதிரலாமுங்களா? 23 ஏன் பாதியில நிக்குது?

---

ஊத்துக்குளி வெண்ணெய்

எழுதிராதீங்க, பொறுங்க.

பால்பவுடரும் பிஎஸ்ஏ-வும் (மாட்டு ரத்த அல்புமின்) மெம்பிரேன்ல காலியா இருக்கற இடத்தை அடைக்கற பொருள். அதுக்கும் பிளாக்கிங்னுதான் பேரு, பிளாக்கிங் பெப்டைடுக்கும் அதே பேருதான். பேரு ஒண்ணுங்கறதால ரெண்டையும் குழப்பிக்கறவங்க நிறைய. பெப்டைடு போய் உக்கார்ற இடம் மெம்பிரேன் இல்லை, ஆன்டிபாடியோட கை. கண்ணபுரம் சந்தையில துண்டுக்கடியில ஒருத்தர் விரலை ஒருத்தர் புடிச்சு விலை பேசறப்ப மூணாவது ஆள் கையை நுழைக்க முடியாது இல்லைங்களா, அது மாதிரி. ஐஜிஜி-ங்கறது ரத்தத்துல ஓடற ஆன்டிபாடி வகை, ஒரு ஐஜிஜி-க்குக் கை ரெண்டு. ரெண்டையும் பெப்டைடு முன்னாடியே புடிச்சுருச்சுன்னா மெம்பிரேன்ல இருக்கற புரதத்தைத் தொட ஆளில்லை.

இதுல இருந்து ஒண்ணு தெரியுது. முதல் ஆன்டிபாடியோட கை வழியா வந்த பேண்ட் மட்டும்தான் பெப்டைடுக்கு மறையும். செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் புடிச்சு சிக்னல் காட்டற ரெண்டாவது ஆன்டிபாடி) நேரா ஒட்டி வந்த பேண்ட் எத்தனை பெப்டைடு போட்டாலும் அப்படியேதான் நிக்கும். உங்க 52 அந்த வகை. கார்பஸ் லூட்டியம் ரத்தக்குழாய் மண்டிக் கிடக்கற திசு, அதுல எருமையோட சொந்த ஐஜிஜி ஏராளம். டிடிடி (டைசல்ஃபைடு பாலத்தை உடைக்கற டைதயோத்ரைட்டால்) போட்டுக் கொதிக்க வெச்சா ஐஜிஜி ரெண்டாப் பிரிஞ்சு கனச் சங்கிலி 50-55-லயும் லேசுச் சங்கிலி 25-லயும் ஓடும். உங்க ஆன்டி-முயல் செகண்டரி மாட்டு வகை ஐஜிஜி-யையும் ரவையோண்டு புடிக்கற ரகமா இருந்தா, 52-ல கனச் சங்கிலி. 23-க்குப் பக்கத்துல என்ன வந்து நிக்கும்னு நீங்களே பாருங்க.

---

பவானி ஜமக்காளம்

லேசுச் சங்கிலி! அப்ப 23-ல ரெண்டு புரதம் ஒண்ணு மேல ஒண்ணா?

---

ஊத்துக்குளி வெண்ணெய்

அப்படித்தான் தோணுது. விஇஜிஎஃப் பங்கு மறைஞ்சு, லேசுச் சங்கிலிப் பங்கு மட்டும் மீந்திருக்கும். முழுசா மறையாததுக்குக் காரணம் பெப்டைடு பத்தாததுன்னு நினைச்சு 50 மடங்கு போட்டாலும் அந்த மீதி நகராது.

பரிசோதிக்க மூணு வழி. லேசானது முதல்ல: ஒரு துண்டு மெம்பிரேனை முதல் ஆன்டிபாடியே காட்டாம செகண்டரி மட்டும் போட்டு டெவலப் பண்ணுங்க. 52-ம் 25-ம் வந்தா வழக்கு முடிஞ்சுது.

ரெண்டாவது, செகண்டரியை மாத்தறது. மாட்டு ஐஜிஜி-க்கு எதிரா அட்சார்ப் பண்ணினதுன்னு (அதைப் புடிக்கற பங்கை முன்னாடியே நீக்கினது) டேட்டாஷீட்டுல எழுதியிருக்கோணும். சும்மா 'மனிதன், எலி' மட்டும் எழுதியிருந்தா உங்களுக்கு ஆகாது. கூடவே பால்பவுடரையும் விடுங்க. பால்லயும் மாட்டு ஐஜிஜி இருக்குது. இந்தச் செகண்டரிக்கு மெம்பிரேன் முழுக்கத் தீனி போட்ட மாதிரி ஆயிரும். மீன் ஜெலட்டின் இல்லைனா ஐஜிஜி நீக்கின பிஎஸ்ஏ.

மூணாவதுதான் எனக்குப் புடிச்சது. அதே சாம்பிளை டிடிடி இல்லாத பஃபர்ல, கொதிக்க வெக்காம ஓட்டுங்க. விஇஜிஎஃப் ரெண்டு சங்கிலி டைசல்ஃபைடு பாலத்துல கோத்த டைமர், அதனால 40-45-க்குப் போயிரும். ஐஜிஜி பிரியாம 150-ல மேலயே நிக்கும். 25-ல ஒண்ணும் இருக்கக் கூடாது. ஒரே ஜெல்லுல ரெண்டு பேரும் தனித்தனியா ஒதுங்கிருவாங்க. என்-முனை மடிப்புக்கு வெளியில தொங்கற பகுதிங்கறதால டிடிடி இல்லாமயும் இந்த ஆன்டிபாடிக்கு எட்ட வாய்ப்பிருக்குது.

---

சென்னிமலை தறி

45 மறைஞ்சதை அப்படியே நம்பறதுலதான் எனக்கு வெசனம்.

பெப்டைடுக்கு மறையற பேண்ட் எல்லாம் விஇஜிஎஃப் ஆகாது. வேற ஏதோ ஒரு புரதத்துல தற்செயலா ஒத்துப் போற நாலஞ்சு அமினோ அமிலம் இருந்து, அதே கை அதைப் புடிச்சிருந்தா அந்தப் பேண்டும் பெப்டைடுக்கு அடங்கிரும். 'பேண்ட் மறைஞ்சுது, ஆன்டிபாடி துல்லியம்'னு எழுதற வாக்கியம் தப்பு. 'இந்தப் பேண்ட் இந்தப் பெப்டைடைப் புடிக்கற ஆன்டிபாடி வழியா வருது', அவ்வளவுதான் சொல்ல உரிமை. 2016-ல மத்தியாஸ் ஊலென் குழு நேச்சர் மெத்தட்ஸ்ல ஆன்டிபாடியைச் சரிபார்க்க அஞ்சு தூண்னு வெச்சாங்க: ஜீனை அடக்கிப் பாக்கறது, ஆன்டிபாடி இல்லாத வேற முறையில அளந்து ஒப்பிடறது, வேற எபிடோப்பை (புரதத்துல ஆன்டிபாடி ஒட்டற இடம்) புடிக்கற தனி ஆன்டிபாடி, டேக் (அடையாளத் துண்டு) போட்ட புரதம், புடிச்சதை மாஸ் ஸ்பெக்ல (மூலக்கூறு எடை பாக்கற கருவி) பாக்கறது. அந்த அஞ்சுல பெப்டைடு பிளாக்கிங் கிடையாது.

ஆனா எதிர்ப்பக்கம் இது பலமான சோதனை. மறையாத பேண்ட் உங்களுது இல்லைனு அடிச்சுச் சொல்லலாம். தள்ளறதுக்கு உதவும், ஏத்துக்கறதுக்குப் பத்தாது.

45-க்கு டைமர்ங்கறது நல்ல ஊகம். டிடிடி பழசாயிருந்தா அரைகுறையாப் பிரிஞ்சு 23-ம் 45-ம் சேர்ந்தே வரும். புதுசாக் கரைச்ச 100 மில்லிமோலார் டிடிடி, 95 டிகிரி, 10 நிமிஷம். 45 குறைஞ்ச அளவுக்கு 23 ஏறுச்சுன்னா டைமர். 45 அப்படியே நின்னா அது வேற எவனோ.

---

பொள்ளாச்சி இளநி

பெப்டைடு பக்கம் இருந்து சொல்றனுங்க. அரை மணி நேரம், 10 மி.லி. பால் பஃபர், ரெண்டுமே சரியில்லை. அவ்வளவு நீர்த்த நிலையில ஆன்டிபாடியும் பெப்டைடும் ஒண்ணையொண்ணு தேடிப் புடிக்க நேரம் புடிக்கும். சின்ன அளவுல சேர்த்து வெச்சுட்டு பொறவு நீர்க்க வைக்கோணும்.

கணக்கு. ஒரு துண்டு மெம்பிரேனுக்கு 5 மி.லி. 1:500-னா 10 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி, அதாவது 2 மைக்ரோகிராம். ஐஜிஜி 150 கிலோடால்டன், ஆக 13 பிகோமோல், கை 27 பிகோமோல். உங்க 20 அமினோ அமிலத்தைக் கூட்டினா 2,153 டால்டன் சுமாருக்கு வரும். 5 மடங்கு எடைன்னா 10 மைக்ரோகிராம், 4,600 பிகோமோலுக்கு மேல. ஒரு கைக்கு 170 பெப்டைடு. எடையில 5 மடங்குங்கறது எண்ணிக்கையில எவ்வளவு எச்சுன்னு இதுல தெரியும். அதனால '5 மடங்கு பத்தலையோ'ங்கற கவலையே வேண்டாம், பெப்டைடு நிஜமாவே கரைசல்ல இருந்தா.

இருக்குதாங்கறதுதான் கேள்வி. குப்பியில 1 மில்லிகிராம்னு எழுதினது மொத்த எடை. டிஎஃப்ஏ (சுத்திகரிப்புல வர்ற அமிலம்) உப்பும் ஈரமும் சேர்ந்தது. நிகரப் பெப்டைடு பெரும்பாலும் 60-80 சதவீதம். எச்பிஎல்சி தூய்மை 95-னு போட்டிருக்கறது வேற எண், அது மத்த பெப்டைடுக் கலப்பை மட்டும்தான் சொல்லும்.

கரைக்கற முறை: ஃப்ரீசர்ல இருந்து எடுத்த குப்பியை மூடி திறக்காம அரை மணி நேரம் டெசிகேட்டர்ல வெச்சு அறை வெப்பத்துக்குக் கொண்டு வாங்க. குளிர்ந்த குப்பியைத் திறந்தா காத்து ஈரம் எல்லாம் பெப்டைடு மேல. மழைக்காலத்துப் பொள்ளாச்சியில திறந்த கையோட பிசுபிசுத்துரும். அப்புறம் ஒரு சின்ன சுத்து சென்ட்ரிஃப்யூஜ், தூள் மூடியிலயே ஒட்டியிருக்கும்.

கரைப்பான் மின்னூட்டத்தைப் பாத்து முடிவு பண்றது. உங்க வரிசையில குளூட்டமேட் ரெண்டு, ஆஸ்பார்டேட் ஒண்ணு, லைசின் ஒண்ணு. ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு கழிச்சுக்கும். நடுநிலை பிஎச்-ல ஹிஸ்டிடின் ரெண்டையும் விட்டுட்டா நிகரம் கழித்தல் 2. அமிலப் பெப்டைடு. தண்ணியில பாருங்க, கலங்கலா இருந்தா துளி அம்மோனியம் பைகார்பனேட். காரப் பெப்டைடுக்குச் சொல்ற அசிட்டிக் அமிலத்தை இதுக்கு ஊத்துனா இன்னும் கட்டியாகும். டிஎம்எஸ்ஓ-வும் வேண்டாம், மெத்தியோனின் ரெண்டு இருக்குது, ஆக்சிஜனேற்றம் ஆகும். கேஎல்எச் (முயலுக்குக் குடுக்கறப்ப பெப்டைடைச் சுமக்கற பெரிய புரதம்) கோக்கறதுக்காக முனையில சிஸ்டைன் சேர்த்த பெப்டைடா இருந்தா இன்னும் ஒரு தொல்லை: ரெண்டு பெப்டைடு கோத்துக்கிட்டு இரட்டையாகும்.

மி.லி.க்கு 1 மில்லிகிராம் ஸ்டாக், 20 மைக்ரோலிட்டர் பங்கா லோ-பைண்ட் டியூப்ல பிரிச்சு கழித்தல் 20-ல. ஒரு தடவை உருகினதைத் திரும்ப உறைய வைக்காதீங்க. ஏப்ரல்ல பார்சல் வந்து ஐஸ் ஜெல் உருகியிருந்தாலும் உலர்தூளா இருந்தா பயப்படாதீங்க, சில நாள் அறை வெப்பம் தாங்கும். கரைச்சு அனுப்பினதுன்னாத்தான் யோசனை.

---

பவானி ஜமக்காளம்

கரைச்சு வந்ததுதானுங்க. பிபிஎஸ்-ல, சோடியம் அஸைடும் பிஎஸ்ஏ-வும் சேர்த்து.

---

பொள்ளாச்சி இளநி

அப்ப கரைக்கற தலைவலி இல்லை, வேற தலைவலி. அஸைடு எச்ஆர்பி-யை (செகண்டரியில கோத்த, சிக்னல் குடுக்கற நொதி) கொல்லும். முதல் ஆன்டிபாடிக் கட்டத்துல பரவாயில்லை, நல்லாக் கழுவினாப் போயிரும். கழுவல் அரைகுறைன்னா பெப்டைடு துண்டுல மட்டும் எச்ஆர்பி படுத்து, 'அடடா, எல்லாப் பேண்டும் மறைஞ்சுது'னு ஏமாத்தும். உங்களுக்கு 52 நின்னிருக்கறதால அது நடக்கலைன்னு தெரியுது. மறையாத பேண்டாலயும் ஒரு நன்மை.

பெப்டைடு போடாத டியூபுக்கும் அதே பிபிஎஸ்-அஸைடு-பிஎஸ்ஏ அதே அளவு ஊத்தோணும். அதே நேரம், அதே சுழற்சி. நீர்த்த ஆன்டிபாடி ராத்திரி முழுக்க பிளாஸ்டிக் டியூப்ல சுத்துனா சுவர்ல கொஞ்சம் ஒட்டிப் போகும். அப்ப குப்பியில இருந்து நேரா எடுத்த ஆன்டிபாடியோட ஒப்பிட்டா, குறைஞ்சது பெப்டைடாலயா டியூபாலயான்னு தெரியாது.

---

சென்னிமலை தறி

இன்னொரு இடைஞ்சல் யாரும் தொடலை. மனிதப் பெப்டைடு, எருமைத் திசு.

யூனிப்ராட்ங்கற புரத வரிசைத் தளத்துல மனித விஇஜிஎஃப்-ஏ பி15692, மாட்டுது பி15691. சிக்னல் பெப்டைடு (புரதம் வெளிய வர்றப்ப வெட்டுப்படற முன்துண்டு) 26 அமினோ அமிலத்தைக் கழிச்சு என்-முனையை வரிசை வெச்சுப் பாருங்க. மனிதனுக்கு அலனின், புரோலின், மெத்தியோனின், அலனின், குளூட்டமேட், அப்புறம் கிளைசின் மூணு, குளூட்டமின், ஆஸ்பரஜின், ஹிஸ்டிடின் ரெண்டு. மாட்டுக்கு அந்த இடத்துல கிளைசின் ரெண்டுதான், குளூட்டமினுக்கு அடுத்து லைசின், புரோலின், ஹிஸ்டிடின். ஒரு கிளைசின் குறைஞ்சதாலதான் மனிதனுக்கு 165, மாட்டுக்கு 164. அதுக்கு அப்புறம் 'குளூட்டமேட், வேலின், வேலின், லைசின், ஃபினைல்அலனின்'னு ரெண்டும் ஒண்ணாப் போகுது. எலிக்கு முன்பகுதி இன்னும் விலகல். எருமை வரிசையையும் தனியா எடுத்து வெச்சுப் பாத்துருங்க.

இதோட விளைவு: பாலிகுளோனல்ல ஒரு பங்கு ஆன்டிபாடி முன்பகுதியைப் புடிக்கறது, அது மாட்டுப் புரதத்தைச் சரியாத் தொடாது. பின்பகுதியைப் புடிக்கற பங்குதான் உங்க பேண்டைக் காட்டுது. மனிதப் பெப்டைடு ரெண்டு பங்கையும் அடைச்சுரும். அதனால பிளாக்கிங் அழகா வரும், ஆனா எருமைப் புரதத்தோட பொருத்தம் பலவீனமா இருக்கறதை அது காட்டாது. சிக்னல் மங்கலா இருந்தா ஆன்டிபாடியை ஏத்தறதுக்கு முன்னாடி இதை நினைச்சுக்கோங்க. ஆன்டிபாடியை ஏத்துனா பின்னணிதான் ஏறும்.

---

ஊத்துக்குளி வெண்ணெய்

மாட்டு வரிசை பேச்சு வந்ததால: 1989-ல நெப்போலியோன் ஃபெராராவும் வில்லியம் ஹென்செலும் விஇஜிஎஃப்-ஐப் பிரிச்செடுத்ததே மாட்டுப் பிட்யூட்டரிச் செல் வளர்த்த மீடியத்துல இருந்துதான். அதுல ஹெபரின்-செஃபரோஸ் ஒரு படி. உங்களுக்கும் அது ஆகும். லைசேட்டைச் சின்ன ஹெபரின் காலம் வழியா விட்டீங்கன்னா 164 வடிவம் ஒட்டிக்கும், ஐஜிஜி பெரும்பாலும் கழிஞ்சு போகும். விஇஜிஎஃப் 0.9 மோலார் உப்புப் பக்கம் இறங்கும். ஜெல்லுல ஏத்தறதுக்கு முன்னாடி உப்பை எடுத்துருங்க, இல்லைனா லேன் கோணலா ஓடும். 120 வடிவம் ஹெபரின்ல நிக்காது, அதை இதுல தேடாதீங்க.

---

நொய்யல்கரை

ஸ்லைடு பக்கம், அதாவது திசு வெட்டுலயே ஆன்டிபாடி போட்டு வண்ணம் பாக்கறதுக்கு வர்றேன். அடுத்துக் கேக்கப் போறது அதுதான்.

5 மைக்ரான் தொடர் வெட்டு, ஒரே பிளாக்குல அடுத்தடுத்து நாலு. ஒண்ணுக்கு ஆன்டிபாடி மட்டும், ஒண்ணுக்கு ஆன்டிபாடியும் பெப்டைடும், ஒண்ணுக்கு ஆன்டிபாடியும் குலைச்ச பெப்டைடும், ஒண்ணுக்குச் செகண்டரி மட்டும். குலைச்ச பெப்டைடுன்னா அதே அமினோ அமிலம், வரிசை மட்டும் மாத்தினது. நிறைய பேரு செலவுன்னு விட்டுர்றாங்க. அது இல்லாம, வண்ணம் குறைஞ்சது வரிசையாலயா, உப்பாலயா, டிஎஃப்ஏ அமிலம் பிஎச்-ஐ இறக்கினதாலயான்னு சொல்ல முடியாது. கலவையை ஒரு துளி பிஎச் தாள்ல தொட்டுப் பாக்கறது ஒரு நொடி வேலை.

டிஏபி (பழுப்பு வண்ணம் குடுக்கற பொருள்) நேரத்தைக் கடிகாரம் வெச்சு நாலுக்கும் ஒண்ணா நிறுத்தோணும். பெப்டைடு ஸ்லைடைச் சீக்கிரம் எடுக்கற கை தானா வரும், கவனம். கலவையைத் திசு மேல ஊத்தறதுக்கு முன்னாடி 4 டிகிரியில 12,000 ஜி, 15 நிமிஷம் சுத்தி மேல் திரவத்தை மட்டும் எடுங்க. கட்டி இருந்தா திசுவுல புள்ளி புள்ளியா ஒட்டும்.

வளர்ச்சிக் காரணிக்குனு ஒரு தனிப் பொறி இருக்குது. பெப்டைடு இல்லாதப்ப முழு ரீகாம்பினன்ட் விஇஜிஎஃப்-ஐயே பிளாக்கிங்குக்குப் போடலாம்னு சிலர் சொல்லுவாங்க. வெஸ்டர்ன்ல ஓடும். திசுவுல ஓடாது. விஇஜிஎஃப் 165 ஹெபரான் சல்ஃபேட்டையும் தன் ரிசெப்டாரையும் புடிக்கற புரதம். ஆன்டிபாடியைத் தோள்ல சுமந்துக்கிட்டே போய் திசு மேல உக்காந்துரும். பாலிகுளோனல்ல மிச்சக் கையும் இருக்கும். பிளாக்கிங் ஸ்லைடு கறுத்து வரும், முன்னால இருந்ததை விட எச்சா. எஃப்ஜிஎஃப் 2-லயும் இதே கதை. 20 அமினோ அமிலப் பெப்டைடுக்கு அந்த ஒட்டும் பகுதி கிடையாது, அதுதான் அதோட நல்ல குணம்.

பாசிடிவ் கண்ட்ரோலுக்குச் சிறுநீரகம் வெச்சுக்கோங்க. குளோமெருலஸ்ல போடோசைட் விஇஜிஎஃப் நல்லா எடுக்கும். பயோட்டின் முறைன்னா அதுல அவிடின்-பயோட்டின் அடைப்பு கட்டாயம், சிறுநீரகத்துல சொந்தப் பயோட்டினே ஏராளம்.

---

கீரணத்தம் புதுசு

ஒரு சந்தேகமுங்க அண்ணா. இந்தப் பெப்டைடை எண்டோதீலியல் செல்லு கல்ச்சர்ல போட்டா விஇஜிஎஃப் வேலையைத் தடுக்குமா? டியூப் உருவாகறதை நிறுத்திக் காட்டோணும்.

---

பொள்ளாச்சி இளநி

தடுக்காது தம்பி. அது தடுக்கறது ஆன்டிபாடியை, விஇஜிஎஃப்-ஐ இல்லை. உண்மையில அது விஇஜிஎஃப்-ஓட ஒரு துண்டுதான். அஸைடு கலந்த குப்பியை கல்ச்சர்ல ஊத்துனா செல்லு மூச்சுத் திணறிச் சாகும், அதைப் பாத்து 'டியூப் உருவாகலை'னு எழுதற ஆபத்து வேற. உங்களுக்கு வேணுங்கறது நியூட்ரலைசிங் ஆன்டிபாடி. பெவாசிசுமாப் அந்த வகை, அமெரிக்காவுல 2004-ல அனுமதி கிடைச்சது. அது புடிக்கறது மடிஞ்ச புரதத்தோட மேற்பரப்பை, அதனால நீளவாக்குப் பெப்டைடால அதை அடைக்கவும் முடியாது. முழுப் புரதத்துக்கு எடுத்த மோனோகுளோனலுக்கெல்லாம் 'பிளாக்கிங் பெப்டைடு எங்க கிடைக்கும்'னு தேடறது வீண் சோலி.

---

ஊத்துக்குளி வெண்ணெய்

பவானி, அடுத்த ஓட்டத்துக்கு இப்படி அமைச்சுக்கோங்க. 15 சதவீத ஜெல், ஒரே சாம்பிள் 40 மைக்ரோகிராம், பக்கத்துல ரீகாம்பினன்ட் மனித விஇஜிஎஃப் 165, 20 நானோகிராம். இந்த ஜோடியை நாலு தடவை திருப்பித் திருப்பி. ரீகாம்பினன்ட் ஈ. கோலை-ல எடுத்ததுன்னா சர்க்கரை இல்லாம 19-ல ஓடும், உங்க 23-க்குக் கீழ. அதைப் பாத்து வெசனப்படாதீங்க. மெம்பிரேன் பிவிடிஎஃப், துளை 0.2 மைக்ரான். 0.45-ல சின்னப் புரதம் ஊடுருவி அக்கட்டால போயிரும்.

மெம்பிரேனை நாலாக் கத்தரிங்க. ஒவ்வொண்ணுக்கும் தனி டியூப்:

ஒண்ணாவது, 10 மைக்ரோலிட்டர் ஆன்டிபாடி, அதே பஃபர்.
ரெண்டாவது, ஆன்டிபாடி, 10 மைக்ரோகிராம் பெப்டைடு.
மூணாவது, ஆன்டிபாடி, 10 மைக்ரோகிராம் குலைச்ச பெப்டைடு.
நாலாவதுல ஆன்டிபாடியே இல்லை.

ஒவ்வொண்ணும் 500 மைக்ரோலிட்டர் பிபிஎஸ்-ல, 1 சதவீத மீன் ஜெலட்டினோட. 4 டிகிரியில ராத்திரி சுழற்சி, அவசரம்னா அறை வெப்பத்துல 2 மணி நேரம். காலையில 5 மி.லி. ஆக்கி மெம்பிரேன்ல ஊத்துங்க. நாலையும் ஒரே செகண்டரிக் கரைசல்ல, ஒரே ஃப்ரேம்ல, ஒரே எக்ஸ்போஷர்ல எடுங்க. ஒரே மெம்பிரேனை ஸ்டிரிப் பண்ணி ரெண்டாம் தடவை பெப்டைடோட போடறது வேண்டாம். ஸ்டிரிப்பிங்லயே புரதம் கழண்டு போகும், அப்ப மறைஞ்சதுக்கு யாரைக் குத்தம் சொல்றது?

---

சென்னிமலை தறி

அதோட, நேரம் இருந்தா பெப்டைடு அளவுல ஒரு படிக்கட்டு: எடையில 0.01, 0.1, 1, 5 மடங்கு. நிஜப் பேண்ட் படிப்படியா இறங்கும். 0.01-லயே கைக்கு ஒரு பெப்டைடு கூட வராது, அங்க மறையற பேண்ட் எதுவா இருந்தாலும் சந்தேகப்படுங்க.

---

பவானி ஜமக்காளம்

செகண்டரி மட்டும் போட்ட துண்டு இன்னைக்கே பாத்தாச்சுங்க. 52 வந்துருக்குது, 25-லயும் ஒரு பட்டை. 45-ல ஒண்ணும் இல்லை. டிடிடி புதுசாக் கரைச்சு நாளைக்கு ஓட்டறனுங்க. மாட்டு ஐஜிஜி அட்சார்ப் பண்ணின செகண்டரி வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆகுமாம், அதுவரைக்கும் டிடிடி இல்லாத ஜெல்லே போதுமுங்களா?

---

ஊத்துக்குளி வெண்ணெய்

போதும். ஆனா டிடிடி போட்ட லேனையும் போடாத லேனையும் ஒட்டி ஒட்டி வைக்காதீங்க, டிடிடி பக்கத்து லேனுக்குக் கசிஞ்சு டைமரைப் பாதி உடைச்சுரும். நடுவுல ரெண்டு லேன் காலி விடுங்க, இல்லைனா தனித்தனி ஜெல்.